ஒரு சிரட்டை உப்பு

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
12.08.1999

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட முழங்கால் நோ இப்ப எப்படி? நான் நல்ல சுகம். இங்கை இப்ப அமைதிதான், பயப்பட வேண்டாம்.

பெண்களுக்கு அடி விழுகிறதைத் தடுக்கவெண்டு எங்கட நிறுவனம் சின்னச் சங்கங்களுக்குக் காசு குடுக்குதெல்லோ. அதால பலன் இருக்கோ எண்டு பார்க்க நேற்றுக் குறிஞ்சாக்கேணிக்குப் போனனான். கூட்டம் நடக்கேக்க பக்கத்து வீட்டில ஒரு பெண் அடி தாங்காமல் குழறிற சத்தம் கேட்டுது. சங்கத் தலைவி பல்கீஸ் எழும்பி என்ர கையிலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தந்தா.

"உப்புக் கேட்டுப் போவம், வாங்க புள்ள."

ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தராய் அந்த வீடு நிறையப் போய் நிண்டம். அடியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, உப்பு மட்டும்தான் கேட்டம். அந்த மனுசன் ஓங்கின கையைக் கீழ விட்டு, எல்லாச் சிரட்டைக்கும் உப்புப் போட்டிட்டு வெளியால போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

"ஆளைத் திருத்த ஏலாது, இண்டைய அடியை நிப்பாட்டலாம்" எண்டா பல்கீஸ். இதை அறிக்கையில எப்படி எழுதுறதெண்டு தெரியேல்லை.

ஆரும் இஞ்சால வந்தால் மிளகாய்த்தூளும் என்ர பழைய போர்வையும் குடுத்துவிடுங்கோ. தனியச் சமைச்சுச் சாப்பிட மனம் வருகுதில்லை.

கடிதம் கொண்டுவாறவர் வாசலில நிக்கிறார். இன்னொண்டு மட்டும், அம்மா. வேலிக்கு அங்கால எங்கட பூரணி அக்கா வீட்டில சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்காதேங்கோ. மாமியையும் கூட்டிக்கொண்டு உப்புக் கேட்டுப் போங்கோ. விளக்கு வைச்ச பிறகு உப்பு வாங்கக்கூடாதெண்டு சொல்லுவியள். அத்தான் வீட்டுக்கு வாறதே விளக்கு வைச்ச பிறகுதானே.

உங்கட மகள்,
சிவயோகம்