இரண்டு தரம் மின்னும் பெட்டி

ஒக்டோபர் 14, செவ்வாய்

குஞ்சு, இன்றைக்கும் மழை. ஒன்றும் காயவில்லை. ஹீட்டருக்கு மேல் உன் அப்பாவின் சொக்ஸ், என் ஏப்ரன், இரண்டு துவாய். முன்னறை முழுக்க ஈர மணம்.

விடிய எழும்பினதும் உன் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். பச்சை லைட் இரண்டு தரம் மின்ன வேண்டும். ஒரு தரம்தான். அதுவும் மங்கல்.

நீ சொன்னதை எழுதி வைக்கிறேன், மறந்து போகாமல். தீப்பெட்டி அளவு. உன் கையால் ஈயம் வைத்து ஒட்டிய முதல் பெட்டி. வீட்டுக்குள் எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம் என்று தானே குறித்து வைக்கும். தனியே இருக்கிற வயது போன சனத்தின் வீடுகளில் வைக்க என்று செய்தது. வயர் இல்லை. காசு மாதிரி ஒரு சின்னப் பற்றரி, அதோடு ஐந்து வருடம் ஓட வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கும் விளங்குகிற மாதிரித்தான் சொன்னாய்.

"அம்மா, இது வேலை செய்யிறதை விட நித்திரை கொள்ளுறதுதான் கூட. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா முழிச்சுப் பாத்து, எழுதிப்போட்டுத் திருப்பிப் படுத்திடும்."

"அப்ப உன்ர கொப்பரைப் போல எண்டு சொல்லு."

அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து, "எனக்குக் காது கேக்கும்" என்றார்.

லைட்தான் பற்றரியைக் கூடத் தின்னும், சும்மா சும்மா அமத்தாதேங்கோ என்றும் சொன்னாய். அதை நான் கேட்கவில்லை.

நீ எங்களை விட்டுப் போய்ப் பத்து மாதம்.

ஒக்டோபர் 16, வியாழன்

மழை விட்டது. குளிர். பள்ளிக்கூடக் குசினியில் இன்று மீன். நூற்றி எண்பது தட்டு கழுவியது நானும் கூட வேலை செய்கிறவளும்தான். முதுகு.

லைட் இன்னும் மங்கிவிட்டது. கையால் மறைத்து வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

அப்பா கண்டுவிட்டார். "லிப்ட் வரேல்லை எண்டு அமத்துற மாதிரி அமத்துறாய். அது என்ன செய்யும் பாவம்?"

நான் உள்ளே போனதும் அவரும் போய் ஒரு தரம் அழுத்தினார். கதவு இடுக்கால் பார்த்தேன்.

ஊரில் சண்டைக் காலத்தில் எங்கள் பக்கம் ஆமிக்காரர் பற்றரி வர விடவில்லை. செத்த பற்றரியை வெயிலில் காயப் போடுவோம். கொஞ்சம் உயிர் வரும், ரேடியோவில் ஒரு செய்தி கேட்கலாம். லண்டனில் இந்த மாதம் வெயிலுக்கு எங்கே போக? கத்தி நுனியால் மூடியைத் திறந்து, பற்றரியைக் கழற்றி, ஹீட்டருக்கு மேல் சொக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். நல்ல கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

பற்றரி நல்ல சூடு. திரும்பப் போட்டேன். அழுத்தினேன்.

இல்லை. மங்கலாகக்கூட இல்லை.

சாமிக்கு விளக்கு வைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு. அவர் சாப்பிட்டார். என் பங்கை நாளைக்கு என்று மூடி வைத்தேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

பின்னேரம் சுகன்யா போன் பண்ணினாள். வேலையில் உன் பக்கத்து மேசைப் பிள்ளை, கோயம்புத்தூர். நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் இட்லியோடு வந்தவள். அவளுடைய குரல் கேட்டாலே எனக்கு நெஞ்சு ஆறும்.

"ஆன்ட்டி, சனிக்கிழமை வரட்டுங்களா? அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதைப் படிச்சு எடுத்துக்கணும்."

ஏன் பிள்ளை என்றேன். சொன்னாள். உங்கள் கொம்பனி இனித்தான் நிறையப் பெட்டி செய்யப் போகிறதாம். இரண்டு வரைபடம் இருக்கிறது. ஒன்று உன்னுடையது. மற்றது வெளியில் வாங்கினது.

"மத்த பெட்டியெல்லாம் ஆபீஸ்ல சுகமா உக்காந்திருக்கு ஆன்ட்டி. நிஜமா ஒரு வீட்டுல, ஈரத்துல, ஒன்றரை வருசம் இருந்தது உங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதான். அவ போட்ட கணக்கு சரின்னு அதுதான் சொல்லணும். இல்லைன்னா மத்த வரைபடத்தை எடுத்துப்பாங்க."

"ஓம் பிள்ளை, வாங்கோ" என்றேன்.

கரண்ட் போய் வந்தால் மைக்ரோவேவ் மணிக்கூடு சைபருக்குப் போகிறதே. நான் பற்றரியைக் கழற்றினேனே. ஒன்றரை வருடமாக அது எழுதினதெல்லாம் போயிருக்கும். நீ செய்ததை நானே அழித்தேன்.

ஒக்டோபர் 22, புதன்

காற்று. குப்பைவாளி தெருவில் உருண்டது. பக்கத்து வீட்டுக் கிழவர் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். அவருக்குச் சுகம் கிடைக்க வேண்டும்.

வாங்க: பால், உள்ளி, பற்றரி (சின்ன வட்டம், நம்பரை எழுதிக்கொண்டு போக), சுகன்யாவுக்கு வடைக்கு உளுந்து.

மோர்டன் கடையில் பற்றரி வாங்கினேன். போடப் பயம். இன்னும் கெடுத்துவிட்டால்? பையோடு மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அவரிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். பிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீ வைக்காட்டி நான் வைச்சிருப்பன், ஹீட்டரில. எனக்கும் அதுதான் யோசினை வந்தது."

இந்த மனிசனை எனக்குத் தந்ததுக்கு இன்றைக்குத்தான் சாமிக்கு வாய் விட்டு நன்றி சொன்னேன்.

ஒக்டோபர் 25, சனி

வெயில்! இப்போது வருகிறது.

சுகன்யா பதினொரு மணிக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்ற முதலே சொல்லிப்போட்டேன், பற்றரி, கத்தி, ஹீட்டர், சொக்ஸ், எல்லாம். வாசலிலேயே நின்று அழுதேன்.

"ஹீட்டர்லயா?" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என்னைக் கட்டிப் பிடித்தாள். "காட்டுங்க."

மூடியைத் திறந்தாள். "ஆன்ட்டி, தலைகீழா போட்டிருக்கீங்க."

"எழுதினது அழிஞ்சு போட்டுதோ பிள்ளை?"

"போகாதுங்க. பேட்டரி இல்லைன்னாலும் எழுதினது அழியாது. அப்படித்தான் செய்யணும்னு அவ ஒரு மாசம் எங்களோட சண்டை போட்டா. வீட்டுல இருக்கிறவங்க கழட்டத்தான் செய்வாங்கன்னா."

கதிரையில் இருந்தேன்.

வயர் கொழுவினாள். கம்பியூட்டரில் வரி வரியாக இறங்கியது. எல்லாம் இருந்தது, குஞ்சு. ஏப்ரல் மாதக் குளிர், கோடைச் சூடு, நான் குளித்துவிட்டுக் கதவைத் திறந்து விட்ட ஈரம்கூட.

"தூக்கத்துக்கு அவ போட்ட கணக்கு அப்படியே வந்திருக்கு. துளி கூட மாறலை. இது போதும், அவளோட வரைபடத்தைத்தான் எடுத்துப்பாங்க. பேட்டரில மிச்சமெல்லாம் லைட் சாப்பிட்டிருக்கு."

"அப்ப நான் திண்டது."

அவர் தொண்டையைச் செருமினார். "நாங்கள்" என்றார்.

ஒவ்வொரு அழுத்தலும் அதில் இருக்கிறதாம், மணித்தியாலத்தோடு. சுகன்யா வாசித்தாள். முதல் மாதங்களில் ஒரு நாளுக்கு மூன்று, நான்கு. பிறகு ஒரு கிழமை ஒன்றுமே இல்லை. அதற்கு அடுத்த நாள் எண்பத்தி ஆறு. அதோடு நிறுத்திவிட்டாள். தண்ணீர் கேட்டாள்.

அந்தக் கிழமை நாங்கள் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம்.

வடை சாப்பிட்ட பிறகு ஒரு தாள் எடுத்துத் தந்தாள். உன் பைலில் இருந்ததாம். பற்றரியை எது எது எவ்வளவு தின்னும் என்று நீ போட்ட பட்டியல். எல்லாம் இங்கிலிஷ். கடைசி வரி மட்டும் தமிழ். அதை நானே வாசித்தேன்.

அம்மா – ஒரு நாளுக்கு 20.

"அது என்ன பார்ட்டு, எங்க வாங்கறதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க" என்றாள். "யாராவது சும்மா அமுக்கிப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, அதுக்கும் இடம் விடணும்னு அவதான் சொல்லியிருந்தா. இனிப் போற எல்லாப் பெட்டிக்கும் அந்த வரி இருக்கும் ஆன்ட்டி. அதே பேர்லதான்."

யாரோ முன்பின் தெரியாத கிழவி தன் வீட்டில் இருந்துகொண்டு அழுத்துவாள். அவளுக்கும் மின்னும். நன்றி, குஞ்சு.

பெட்டியை எடுத்துப் போவாளோ என்று பயந்தேன். எடுக்கவில்லை. லாச்சிக்குள் இருந்த புதுப் பற்றரியைச் சரியான பக்கமாகப் போட்டு, "நீங்களே அமுக்குங்க" என்றாள்.

இரண்டு தரம். நல்ல பச்சை.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. அப்பாவுக்கு நித்திரை கூட. நாளை முதல் பள்ளிக்கூடம் ஒரு கிழமை லீவு. சுகன்யாவுக்கு மிளகாய்த்தூள் வறுத்துக் கொடுக்க வேண்டும்.

உன் தாளைக் கண்ணாடி போட்டு நாளையே சுவரில் தூக்குவதாக அவர் சொன்னார். துடைத்துக் கொடுக்க எடுத்தேன். மேலே மூலையில் திகதி இருக்கிறது. நேற்றுக் காணவில்லை. போன வருடம் பெப்ரவரி.

பெட்டியை நீ வீட்டுக்குக் கொண்டு வந்தது ஏப்ரலில். உனக்கு நோய் என்று எங்களுக்குச் சொன்னது ஜூலையில்.

நீ வீட்டில் இருந்த வரைக்கும் நான் அழுத்தினது மூன்று, நான்கு. அந்த மெசினே சொல்கிறது. பக்கத்தில் பிள்ளை இருக்கிற தாய்க்கு அது போதும். அப்படியென்றால் இருபது ஏன் போட்டாய்? பெப்ரவரியிலேயே உனக்குத் தெரிந்திருந்ததா, குஞ்சு?