கிடங்குப் பூட்டு

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது. உன் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது?

பாலம் இடிந்ததிலிருந்து மாவு லாரி வரவில்லை. முதலாளி ஆஸ்பத்திரியில், ரொட்டிக்கூடம் மொத்தமும் என் தலையில். கையிருப்பு கொஞ்சம்தான். ஆட்கள் பயந்து ஓடிவிடக் கூடாதென்று, "மாவு ஏராளமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிடங்கைப் பூட்டினேன். அப்படியும் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். மற்றவர்களும் போனால் ஊருக்கு ரொட்டி இல்லை. நீ சரித்திரம் படித்தவன். ராஜாக்கள் இந்த மாதிரி நேரத்தில் என்னதான் செய்தார்கள்?

உன் அக்கா

ஜூன் 5

அன்புள்ள அக்கா,

பள்ளியில் எல்லாம் வழக்கம்போல.

பாதி ராஜாக்கள் உன்னைப் போலப் பூட்டிவைத்துத்தான் தோற்றார்கள். முற்றுகையில் சனங்களைக் கலைத்தது பசி மட்டுமல்ல, உள்ளே என்ன மிச்சம் என்று தெரியாத கலக்கமும்தான். தாக்குப்பிடித்தவர்கள் உள்ளதைச் சொன்னார்கள், தங்கள் தட்டிலும் ஊருக்குப் போட்ட அளவையே போட்டார்கள். இத்தனை வருஷம் பூட்டே பார்க்காத கிடங்குக்கு நீ பூட்டுப் போட்டால் ஊர் என்ன நினைக்கும்? கதவைத் திற. கோபமென்றால் நேரில் வரும்போது என் காதைத் திருகு.

உன் தம்பி

ஜூன் 14

தம்பி,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கிச் சேர்த்துப் படித்தேன்.

மறுநாள் எல்லாரையும் கிடங்குக்குள் கூட்டிப்போனேன். "நான் சொன்னது பொய். இருக்கறது இவ்வளவுதான். லாரி எப்ப வரும்னு எனக்கும் தெரியாது" என்றேன். அடுப்புக்காரர் மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார். "அட, இவ்வளவு இருக்கா! ஒண்ணுமே இல்லைன்னுல்ல நினைச்சிட்டிருந்தோம்!"

ரொட்டியைச் சிறிதாக்கினோம், வீட்டுக்கு ஒன்று, என் வீட்டுக்கும் ஒன்றுதான். வேலையை விட்டவர்களில் ஒருவர் தன் மைத்துனரின் படகோடு வந்து நின்றார். மாவு ஆற்றைக் கடந்தது! அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. தற்காலிகப் பாலம் போட்டு இன்று லாரி வந்தபோது தெருவே கூடிக் கத்தியது. நான் விசிலடித்தேன், இந்த வயதில்!

பூட்டை உனக்கு அனுப்பியிருக்கிறேன். உன் பள்ளியை மூடப்போகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா, தலைமையாசிரியர் ஐயா? வழக்கம்போலவாம்!

அக்கா

ஜூலை 20

அன்பு அக்கா,

பூட்டு வந்தது. அதை மேசைமேல் வைத்துக்கொண்டு பெற்றோர்களை அழைத்து உள்ளதைச் சொன்னேன். கூடத்தில் நிற்க இடமில்லை. மறுநாளே கல்வி அலுவலகத்துக்கு எல்லாரும் என்னோடு நடந்தார்கள். போனவர்கள் பதில் வாங்காமல் நகரவில்லை.

பள்ளி மூடப்படாது, அக்கா. இன்று காலை எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றுகூட எண்ணாமல் நானும் விசிலடித்தேன்.

உன் தம்பி