ஃப்யூஸ் கட்டை என் கைப்பையில்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வீட்டில் கரண்ட் இருக்காது. ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். லைன்மேன் வேலையில் கம்பத்தில் ஏறும்போது அந்த லைனின் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவர், வீட்டு ஃபேன் என்றால் மட்டும் ஏன் மறந்துபோகிறீர்கள்?

நேற்று ஸ்டூலில் நின்றுகொண்டு, "ஒரு நிமிஷ வேலைடி, மெயினை எதுக்கு அணைக்கணும்?" என்று சிரித்தீர்கள். ஷாக்கடித்துச் செத்துப்போன உங்கள் கூட்டாளி கடைசியாகச் சொன்னதும் அதேதான் என்று நீங்கள்தானே சொல்லி அழுதீர்கள்? நேற்று எனக்கு அவர் குரல்தான் கேட்டது. அதனால்தான் அப்படிக் கத்தினேன்.

சாயங்காலம் சேர்ந்தே ஃபேனை மாட்டுவோம்.

பி.கு.: உங்கள் பையிலிருந்த இன்னொரு கட்டையும் என்னிடம்தான். வெறும் கம்பியைச் செருகிச் சமாளிக்கத் தோன்றினால், முதலில் அந்தக் கூட்டாளியின் மனைவிக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.