எரிக்கச் சொன்ன கடிதங்கள்

இன்று ஆவண அறையில் பென்சில் சீவினேன். அந்த மரவாசனை எழுந்ததும் உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதில் யாரோ ஒருவரின் குளிர்மேலங்கி கிடந்தது.

நாம் இருவரும் பிரதியெடுத்த கடிதங்கள் நூலாகப் போகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓர் அமெரிக்கப் பெண் எழுத்தாளர், ஜேர்மனியின் இந்த டுசல்டோர்ஃபில் வாழ்ந்த தன் தோழிக்கு எழுதியவை. தாளை மிச்சம் பிடிக்க, எழுதி முடித்த பக்கத்தையே திருப்பி, வரிகளுக்குக் குறுக்காக மறுபடியும் எழுதியிருப்பார். நீ அளவுகோலை நகர்த்தி உரக்க வாசிப்பாய், நான் தட்டெழுதுவேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்த அறையில் என் குரல் எழும்பாது. நீ ஒருநாளும் என்னை வாசிக்கச் சொன்னதில்லை.

பல கடிதங்களின் அடியில், படித்ததும் எரித்துவிடும்படி கேட்டிருந்தார். தோழி ஒன்றையும் எரிக்கவில்லை.

"உவ நல்ல சிநேகிதிதான்! எரிச்சுப்போடெண்டு சொன்னதை றிப்பன் கட்டி வைச்சிருக்கிறா," என்றாய்.

"வைச்சிருந்தபடியாத்தானே எங்களுக்கு வேலை."

"உனக்கு வேலை. எழுதினவவுக்கு மானம் போச்செல்லோ?"

பிறகு நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். உன் அம்மாவிடம் "சும்மா டொக்டரிட்டை ஒரு டெர்மின், பயப்படாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, வலியையும் பயத்தையும் எனக்குக் குரற்செய்திகளாக அனுப்பினாய். ஏறக்குறைய ஒவ்வொன்றின் முடிவிலும், "கேட்டிட்டு அழிச்சுப்போடு. நீயும் றிப்பன் கட்டாதை."

என்னால் அழிக்க முடியவில்லை.

நீ இறந்த பிறகு முதல்முறையாக, போன கிழமை உன் அம்மா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, அவளின்ரை குரல் ஏதும் உன்னட்டை இருக்கோ? இருந்தா எல்லாத்தையும் அனுப்பி விடம்மா."

அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ட்ராமில் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போகிறேன். அனுப்ப விரலை வைக்கிறேன், எடுக்கிறேன். அழிக்க வைக்கிறேன், எடுக்கிறேன். நீ சொன்னது ஒரு பக்கம். பெற்றவள் கேட்பது மறுபக்கம்.

இன்று மத்தியானம் ஆவணக் காப்பகத்தின் வாசற்படியில் நின்று ஒன்றை மட்டும் அனுப்பினேன். ஆஸ்பத்திரிச் சூப்பை நீ திட்டுவது. "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, சுடுதண்ணியிலை ஒரு கரட் நீந்தப் பழகுது!" அதில் மட்டும்தான் நீ அழிக்கச் சொல்லவில்லை.

உன் அம்மா உடனே அழைத்தார். சிரிப்பும் அழுகையுமாக, "சூப்புக்கு என்ன வாய் காட்டுறாள், பாத்தியே!" என்றார். பிறகு, "வேறை இருக்கோ பிள்ளை?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெரியவர்களிடம் நான் எதையும் மறுத்துப் பழகாதவள்.

"இருக்கு அன்ரி. ஆனா அதெல்லாம் எனக்கு மட்டும் சொன்னது. தர ஏலாது."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

அவர் மெல்லக் கேட்டார்.

"நோகுதெண்டு அழுதவளோ?"

நான் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சரி பிள்ளை. அப்ப நீயே வைச்சிரு."

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. உனக்குக் கோபம் வருமா, ஆறுதலாக இருக்குமா, எனக்குத் தெரியவில்லை. பிறகு உள்ளே போய் உட்கார மனம் வரவில்லை. கைபேசியைப் பைக்குள் வைக்கவும் மனம் வரவில்லை. கையில் பிடித்தபடியே ரைன் ஆற்றங்கரை வரை நடந்தேன்.