நல்லினியாள் தொப்பியில் சிக்கிய ஓலை

நலம் பெருகுக. ஏழு கழிகளுக்கும் ஒரு கடலுக்கும் உரியவரான வேந்தர் சேந்தங்கோ திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் கீரஞ்சாத்தன் எழுதுவது. வடகரைத் தலைவர் மாவலங்கர் காண்க. உமது கரையில் நீர் வற்றாதிருக்க. உமது மக்கள் பசியாதிருக்க.

மதகுக் கண்காணி நல்லினியாள் அரச ஓலையை வெறுந்தலையில் ஏற்காமல் தொப்பிமேல் வைத்தாள், ஆகவே அவள் பதவியைப் பறிக்க வேண்டும் என்று முறையிட்டிருந்தீர். வேந்தர் விசாரித்தார். நடந்தது இது.

நல்லினியாளுக்கு நாளுக்கொரு தொப்பி. அவை கூடிய அன்று பனையோலையில் முடைந்த அகலத் தொப்பியை இடச்செவிப் பக்கம் சாய்த்து அணிந்திருந்தார். அமாவாசை விடியலில் மதகு திறக்கும், தாழ்கரையார் மாடுகளை மேட்டில் கட்டுக என்ற ஆணையைப் படித்துக் காட்டி, ஓலையைத் தலைக்கு உயர்த்தினார். தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அது கழற்றக்கூடிய ஒன்று என்பதே அவருக்கு மறந்து நெடுநாளாகிவிட்டது.

ஓலை முடைச்சலில் சிக்கிக்கொண்டது. ஓலையோடு ஓலையாக இருந்ததால் கை தடவியும் தெரியவில்லை. அரச ஓலையைத் தொலைத்தவருக்குப் பதவி இல்லை என்பதை அறிந்தவர், அன்று பகல் முழுதும் தாழ்கரையின் ஐந்து குடியிருப்புகளிலும் வீடு வீடாகத் தேடினார். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்றவர்கள் படித்தார்கள். கண்காணி அறிவிக்கும் முறை இதுவென்று எண்ணி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொழுது சாயும்போதுதான் ஓடக்காரர் பிடவூரார் சொன்னார்:

"அம்மா, நீங்க தேடுறது உங்க தலையிலதான் இருக்கு. நாங்க மாட்டையெல்லாம் அப்பவே மேட்டுல கட்டியாச்சு."

முரசறையும் அதிகாரம் உம்முடையது. தொப்பியில் ஏற்ற ஆணை செல்லுமா என்று தெளியும்வரை அறைய வேண்டாம் என்று முரசை உறையிலேயே வைத்திருந்தீர். மதகு குறித்த விடியலில் திறந்தது. ஒரு கன்றும் நீரோடு போகவில்லை.

ஆகவே ஆணை. நல்லினியாள் பதவியில் தொடர்வார், தொப்பியும் தொடரும். இவ்வோலையை நீர் வெறுந்தலையில் ஏற்க வேண்டா. எழுத்து வெளியே தெரியும்படி உமது தலைப்பாகையில் செருகிக்கொண்டு, ஐந்து குடியிருப்புகளையும் ஒரு பகல் சுற்றி வருக. படிக்க நிற்பவர்களுக்காக நீரும் நிற்க. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்குத் தலை தாழ்த்துக.

நண்டு முத்திரை இட்டோம். இப்படிக்கு நடக்க.