சரசுவின் மல்லிகை

நவ. 4, செவ்வாய்

சிங்கப்பூரில் விடியலிலிருந்து மழை. எங்கள் பூன் லே அடுக்குமாடி வட்டாரம் முழுக்கச் சொதசொத. வாசல் தாழ்வாரத்தில் சரசுவின் மல்லிகைத் தொட்டி: இலை மஞ்சள், பழுப்புப் புள்ளி, மொட்டு விரியாமலே கருகல். அடுத்த வாரம் வியாழன் அவளுடைய முதல் வருஷத் திதி. அவள் வளர்த்த செடியின் பூவை அவள் படத்துக்குப் போட வேண்டும். வேறெதற்கும் ஆசைப்படவில்லை நான்.

தேக்கா மார்க்கெட்டில் பூஞ்சை மருந்து வாங்கி அடித்தேன். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளியாயிற்று. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் ஊதுபத்திப் புகை மேல்தான் சந்தேகம்.

நவ. 6, வியாழன்

மருந்துக்கு மசியவில்லை. மண் ஈரம், இலை மட்டும் வாட்டம். அப்படியானால் கோளாறு வேரில். மகன் குமரன், போனிலிருந்து தலை எடுக்காமல்: "செடிதானேப்பா. புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்லா."

நாளை தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும்.

நவ. 7, வெள்ளி

தொட்டியைக் கவிழ்த்தேன். புளித்த நாற்றம். வேர் பழுப்பு, தொட்டால் தோல் உரிகிறது. மண்ணில் நூல் நூலாக வெள்ளைப் பூசணம். அந்நேரம் மருமகள் ரேவதி செம்போடு வந்தாள். வீட்டுப் பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்த பால்.

"இதையா இதுல ஊத்துற?"

"வாராவாரம் ஊத்துறேன் மாமா. சாமி பால், கால் படுற இடத்துல ஊத்தக் கூடாதில்ல? அத்தையும் இப்படித்தானே செஞ்சாங்க?"

இப்படித்தானாம்! சரசு ஒருநாளும் தொட்டியில் ஊற்றியதில்லை. செம்போடு லிஃப்டில் இறங்கிப்போய்ப் பெரிய மரத்தடியில் ஊற்றுவாள். "உனக்கு வேற வேலையே இல்லையா" என்று நானே கத்தியிருக்கிறேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு இதுகூடக் கண்ணில் படவில்லை.

அழுகிய வேரை வெட்டி, மண் மாற்றினேன்.

நவ. 14, வெள்ளி

நேற்று திதி. செடி அதற்கு முன்பே போய்விட்டது. கடைப் பூதான். குமரன் அதைப் படம் பிடித்து, "அம்மா வளர்த்த மல்லிகை" என்று குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறான். த்தூ.

இன்று ரேவதி கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டு நானே கீழே போனேன். மரத்தடியில் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுக்காரர், பேச்சைக் கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம். என்னைப் பார்க்கவில்லை, செம்பைப் பார்த்தார்.

"அம்மா எங்கங்க ஐயா? வெள்ளிக்கிழமை தவறாம வருவாங்களே, ரொம்ப நாளா காணோமே?"