பதினோரு நாள் நடந்தாய்

இன்று காலை லோதி ரோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். உன் வீட்டில் எப்போதும் அடித்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குத் துக்கம் வரவில்லை. கோபம் வந்தது, உன்மேல். ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தும் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நீ மூன்றாம் மாடி, நான் தரைத்தளம். லிஃப்ட் கிடையாது. நாற்பத்தொரு வயதில் உனக்கு முட்டி வலி தொடங்கியபோது டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனதே நான்தான். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். தேய்மானம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. எடையைக் குறைத்து, தினம் அரைமணி நடந்து, தொடைத் தசையை வலுவாக்கினால் பல வருஷம் தள்ளிப்போடலாம். மாத்திரை, தாங்க முடியாத நாளுக்கு மட்டும்.

"கேட்டியா? எல்லாம் உன் கையில்தான் இருக்கு" என்றேன்.

"ஏட்டி, என் கையில கரண்டில்லா இருக்கு!" என்று சிரித்தாய்.

ஆனாலும் வந்தாய். காலை ஆறு மணிக்குப் பதினோரு நாள், பார்க்கைச் சுற்றி இருவரும் நடந்தோம். பன்னிரண்டாம் நாள் காணோம். மாடியேறி வந்தேன். நீ சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தாய். உன் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "டிபன் லேட்டாகுதும்மா. தினம் படி ஏறி இறங்குதாளே, அந்த நடை போதாதா?" என்றார். நீ அடுத்த உருண்டையை எடுத்து இட ஆரம்பித்தாய். நானும் படி இறங்கிவிட்டேன்.

அதன்பிறகு மாத்திரைதான். மார்க்கெட் மருந்துக்கடையில் "பையா, வஹி வாலா" என்று அதே வலி மாத்திரை அட்டையைக் கேட்பாய். அவன் டாக்டர் சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுப்பான். வாரம் ஒன்று, பிறகு தினம் ஒன்று, பிறகு காலையும் மாலையும். வலி தெரியாததால் குந்தி உட்கார்ந்து வீடு துடைத்தாய். பத்துக் கிலோ ஆட்டா மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாய். உடம்பு கனத்துக்கொண்டே போனது. நான் திட்டினால், "சோலியப் பாருட்டி, வலி நின்னாப் போதும்" என்பாய்.

ஏழு வருஷம் இப்படி. ஒருநாள் பாதம் வீங்கிச் செருப்பே நுழையவில்லை. அப்போதுதான் ரத்தம் சோதித்தார்கள். சிறுநீரகம் இரண்டும் போயிருந்தது. வருஷக்கணக்காக விழுங்கிய வலி மாத்திரைதான் காரணம் என்றார்கள். ஒரு வருஷம் டயாலிசிஸ். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாய். ஐம்பதுகூட ஆகவில்லையே உனக்கு!

பதினாறாம் நாள் வந்தவர்களிடம் உன் வீட்டுக்காரர், "மூட்டுவலி அவங்க குடும்பத்து வியாதி. விதி" என்றார்.

"விதியா? காலையில அரைமணி நேரம் அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியலையே உங்களால!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் இரங்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. மருந்துக்கடையில் எத்தனை தடவை உன் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். ஒருநாளாவது அந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தேனா?

போன மாதம் உன் மகள் வந்தாள். "ஆன்ட்டி, படி ஏறினா எனக்கும் முட்டி தர்த் ஆகுது. மம்மிக்கு இருந்ததுதானே, க்யா கரூன், என்ன செய்ய?" என்றாள், சர்வசாதாரணமாக. இருபத்தாறு வயசு! முதலில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். முனகிக்கொண்டே நடக்க வந்தாள். இன்றுவரை ஒருநாள் விடவில்லை. மாடி ஏறும்போது இப்போதெல்லாம் கைப்பிடியைப் பிடிப்பதில்லை.

உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் பொறுமைசாலி என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் ஆறட்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. ஜனவரிக் குளிரில், அலாரம் அடிப்பதற்கு முன்னால், ரஜாய்ப் போர்வையை உதறிவிட்டு என்னை எழுந்திருக்க வைப்பது இந்தக் கோபம்தான்.